கம்பெனிக்காரன் கோபித்துக்கொள்ள மாட்டான்

மதிப்புக்குரிய அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. முதலில், எழுதியதற்கே மன்னிக்க வேண்டும். போனில் சொல்லிவிடக்கூடிய விஷயத்துக்கு எதற்கு இத்தனை காகிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் போன் வந்தால் அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டு, சாப்பாட்டு மேசை நடுவில் பாத்திரம் வைப்பதுபோல வைத்துவிடுகிறார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அதற்குள் பேசுகிறோம். என் முறை வரும்போது நான் "நல்லா இருக்கேன் அத்தை" என்பேன். அடுத்த வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் சித்தப்பா உங்கள் ஊர் மழையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பார். கல்லூரி முடித்த பிறகு நான் உங்களிடம் பேசிய ஒரே வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே இந்தக் கடிதம். எழுத்து சில இடங்களில் தாளைக் கிழித்திருந்தால் பேனாவின் குற்றம் அல்ல. கோபத்தில் அழுத்தி எழுதிவிட்டேன்.

இங்கே அப்பா, அம்மா, சித்தப்பா எல்லோரும் சுகம். நானும் சுகம். வண்டிக்குத்தான் சுகமில்லை. அங்கே உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாமா வேளைக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறாரா? இதைக் கேட்டுவிட்டுத்தான் என் விஷயத்துக்கு வர வேண்டும் என்று அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கேட்டுவிட்டேன்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டதாக அப்பா சொல்லியிருப்பார். இந்தத் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் விட்டுப்போனது ஒன்றுதான், அந்த வேலை இன்னும் கிடைக்கவில்லை. அது குடிதண்ணீரைப் பரிசோதிக்கும் ஒரு கூடம். விடுதிகள், ஆஸ்பத்திரிகள், தொட்டிகள் என்று இடம் இடமாகப் போய் சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து, குளிர்பெட்டியில் வைத்து, சூடேறாமல் கொண்டு வந்து சேர்க்க வேண்டும். எட்டு டிகிரிக்கு மேலே போனால் தண்ணீரில் இருக்கும் கிருமிகள் வழியிலேயே குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும். பிறகு அந்தப் பரிசோதனைக்கு அர்த்தம் இல்லை. வாகனம் வைத்திருப்பவர்களைத்தான் எடுப்போம் என்றார்கள். அப்பா என்னோடு நேர்முகத் தேர்வுக்கு வந்து வாசலில் நின்றிருந்தவர், கதவு வழியாகத் தலையை நீட்டி, "வண்டி இருக்கு மேடம், டிரைவரும் இருக்கான்" என்றார். காலையில் தொழிற்சாலை ஆட்களை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் நம் வேன் சும்மாதானே நிற்கிறது. மேற்பார்வை பார்க்கும் மேடம் யோசித்துவிட்டு, சரி, ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம், பெட்டி கடைசிவரை குளிர்ச்சியாக இருந்தால் வேலை உனக்குத்தான் என்றார். நுண்ணுயிரியல் படித்தவளுக்கும் அவள் வேலைக்கும் நடுவில் இதற்கு மேல் எதுவும் இல்லை என்று அன்று நினைத்தேன். நம் வேனின் ஃபியூஸ் பெட்டி நினைவில்லாமல் போயிற்று.

அதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பானட்டைத் தூக்கினால் பேட்டரிக்குப் பக்கத்தில், பெரிய சாப்பாட்டு டப்பா அளவில், கறுப்பாக உட்கார்ந்திருக்கும். திறந்தால் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று சின்னச் சின்ன ஃபியூஸ்கள் பல்வரிசைபோல இருக்கும். ஹார்னுக்கு ஒன்று, வைப்பருக்கு ஒன்று, இடது விளக்குக்கு ஒன்று, வலது விளக்குக்கு ஒன்று. எது எதற்கு என்று மூடியின் உட்பக்கத்தில் படம் போட்டிருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்ற நல்லெண்ணம். அந்த நல்லெண்ணத்தால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன். இப்போது அந்த மூடி மூடாது. உள்ளேயிருந்து வயர்கள் நண்டுக் கால்களைப்போலத் துருத்திக்கொண்டு நிற்பதால், என் பழைய கல்லூரிப் பையின் வாரை அறுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். என் படிப்பு இந்த வீட்டுக்கு இதுவரை பயன்பட்டது அந்த அளவுக்குத்தான்.

தொடங்கிவைத்தவர் சித்தப்பா. மைக் செட் வாடகைக்கு விடுகிறவருக்கு எந்தச் சத்தமும் போதாது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வண்டி ஹார்ன் கொசு கத்துவதுபோல இருக்கிறது என்று சொல்லி, படிப்படியாக ஏறி இறங்கும் ஒரு ஹார்னைக் கொண்டு வந்து மாட்டினார். கூடவே பம்பரில் நீல விளக்கு. வண்டி பின்னால் போகும்போது எச்சரிக்க ஒரு குரல் வேண்டும் என்று அதையும் தானே பேசிப் பதிவு செய்து கொடுத்தார். "பின்னால வருது, தள்ளிக்கோங்க" என்று சொல்லி முடித்ததும் ஓர் இருமல் வரும். அந்த இருமலை எடுத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள் என்றேன். அது இருந்தால்தான் உயிருள்ள மனுஷன் பேசுவதுபோல இருக்கும் என்றார்.

அப்பா வீட்டுப் பக்கத்திலிருந்து மூன்று சாமான் வந்த பிறகு அம்மா வீட்டுப் பக்கம் சும்மா இருக்க முடியுமா? தையல் கடை மாமா ஒரு ஃபேன் வாங்கி வந்தார். பயணிகளுக்குக் காற்று வரட்டும் என்றார். "என் தங்கச்சி வீட்டுக்காரர் வேர்த்துக்கிட்டு ஓட்டறதைப் பாத்தா எனக்குத் தூக்கம் வரலை" என்று சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார். சத்தம் கொடுத்தவருக்கும் காற்று கொடுத்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லோரும் கவனிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். சித்தப்பாவும் கவனித்தார்.

இவற்றையெல்லாம் இணைத்தது அடுத்த வீட்டுக் கரண்ட் அண்ணன். மிக்சியும் டிவியும் பழுது பார்க்கிறவர். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டிலேயே மறந்துவிட்டது. ஒவ்வொரு புதுச் சாமானுக்கும் தனி ஃபியூஸ், தனி வயர், அதற்கென்று ஒரு கொக்கி எல்லாம் கடையில் கிடைக்கிறது, நான் படித்திருக்கிறேன் என்று அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பினேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதற்கு அவர், "வீட்டுக்குள்ள ஓடற கரண்டே என் பேச்சைக் கேக்குது, இது வெறும் பன்னெண்டு வோல்ட், குழந்தை" என்று சொல்லிவிட்டு, வயரின் தோலைப் பல்லால் உரித்து, ஃபியூஸின் காலோடு முறுக்கி, மறுபடி அதே ஓட்டையில் குத்தி, மேலே ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டுத்தான் அவருடைய பரிசோதனை.

இதோடு நின்றிருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். பெட்டியில் இடம் தீர்ந்தது. வேறு வீடாக இருந்தால் ஏதாவது ஒரு சாமானைக் கழற்றியிருப்பார்கள். நம் வீட்டில் அது எப்படி முடியும்? ஒருதரம் நீல விளக்கு எரியவில்லை என்று அப்பா அதைக் கழற்றி வைத்தார். சித்தப்பா அன்றிலிருந்து மாடியிலேயே சாப்பிட்டார். தட்டை அம்மா ஏற்றிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவள் முழங்கால் வலிக்கிறது என்றதும் விளக்கு திரும்ப வந்தது. அதிலிருந்து அப்பா ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். உறவுக்காரர் கொடுத்ததை எடுக்கக்கூடாது. இடம் வேண்டும் என்றால் வண்டியோடு வந்ததை எடுக்கலாம். நான் துணிந்து அவரிடமே கேட்டேன், அத்தை. உண்மையாகவே கேட்டேன். அப்பா மிகப் பொறுமையாக எனக்கு விளக்கினார்.

"கம்பெனிக்காரன் கோவிச்சுக்க மாட்டான் பாப்பா. ஏன் எடுத்தேன்னு நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கப் போறானா?"

அப்படித்தான் கம்பெனிக்காரன் கொடுத்த ஃபியூஸ்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பின்கண்ணாடியில் பனி துடைப்பதற்கு உள்ளது போயிற்று. மூடுபனி விளக்குப் போயிற்று. பிறகு மாமாவின் ஃபேனுக்கு இடம் தேடி, அப்பாவும் கரண்ட் அண்ணனும் மூடியைத் திருப்பிப் பார்த்தார்கள். அதில் ஒரு சின்ன ஃபேன் படம் இருந்தது. இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. பாருங்கள், கம்பெனிக்காரனே ஃபேனுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறான், நாம்தான் இத்தனை நாள் கவனிக்கவில்லை என்று அங்கே இருந்த ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு மாமாவின் ஃபேனைச் செருகினார்கள். ஃபேன் புயல் மாதிரி சுற்றியது. மாமாவுக்குப் போன் செய்து அந்தக் காற்றைக் கேட்க வைத்தார்கள்.

அந்தப் படத்தில் இருந்தது மனிதருக்கான ஃபேன் இல்லை. எஞ்சினுக்கு முன்னால், ரேடியேட்டரைக் குளிர்விக்கும் ஃபேன். தொழிற்சாலைக்குப் போவது விடிகாலையில், காலியான பெரிய சாலையில் என்பதால் எதிர்காற்றே எஞ்சினைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சூடு காட்டும் முள் ஒன்று அப்பாவுக்கு எதிரே இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு நீல விளக்கின் சுவிட்ச் இருக்கிறது.

இந்த லட்சணத்தில்தான் மேடம் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

அப்பா அன்று சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். எனக்காகத்தான் என்று தெரியும், அதனால் அப்போது கோபம் வரவில்லை. வண்டி கிளம்பியதும், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவதுபோல ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் காட்டத் தொடங்கினார். இது என் தம்பி கொடுத்தது, இது என் மச்சான் கொடுத்தது. ஹார்னை அழுத்தினார். அது ஏறி இறங்கிப் பாடி முடித்ததும் வைப்பர் ஒருமுறை எழுந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படுத்தது. மழையே இல்லையே, ஏன் வைப்பர் ஆடுகிறது என்று மேடம் கேட்டார். "அது ஒரு மரியாதைங்க" என்றார் அப்பா. பின்சீட்டில் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், வெப்பமானியைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். வெப்பமானி ஐந்து காட்டியது. பெட்டியின் வயரை முன்பக்கத்தில் சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகியிருந்தோம். அது சாவி போட்டிருந்தால்தான் வேலை செய்யும். சாவியை எடுக்காதவரைக்கும் ஒன்றும் ஆகாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

விடுதி, ஆஸ்பத்திரி இரண்டும் நன்றாக முடிந்தன. நான் பாட்டில் பிடித்த விதத்தை மேடம் பக்கத்தில் நின்று பார்த்து, தாளில் ஒரு டிக் அடித்தார். மூன்றாவது இடம் ஒரு குறுகலான கடைத்தெருவுக்குப் பின்னால். முன்னே ஒரு லாரி சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. நின்றோம். நகர்ந்தோம், நின்றோம். லாரியைத் தாண்டலாம் என்று அப்பா வலது இண்டிகேட்டரைப் போட்டதும் சித்தப்பாவின் குரல், "பின்னால வருது, தள்ளிக்கோங்க" என்று சொல்லி இருமியது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. பின்னால் இருந்த சைக்கிள்காரர் நிஜமாகவே தள்ளிப்போனார். அப்போதுதான் பானட்டின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது.

அப்பா உடனே எஞ்சினை நிறுத்தினார். பெட்டியில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்தது. "அப்பா, பெட்டி" என்றேன். சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பினார். பச்சை விளக்கு எரிந்தது, ஆவி இன்னும் அதிகமாக வந்தது. நிறுத்தினார். வெறும் சாவியை மட்டும் பாதி திருப்பி வையுங்கள், எஞ்சின் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொன்னேனா என்று இப்போதும் தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது, கரண்ட் அண்ணன் முறுக்கிய வயருக்குச் சாவி ஒரு பொருட்டில்லை, இண்டிகேட்டரை யாரும் அணைக்காததால் சித்தப்பா விடாமல் பேசிக்கொண்டிருந்தார். இதில் பெரிய வேதனை என்னவென்றால், உள்ளே மாமாவின் ஃபேன் மட்டும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். அவருக்குள் ஏதோ ஒன்று விளங்கியிருக்க வேண்டும். ஃபேனைத் திருகிக் கழற்றினார். கரண்ட் அண்ணன் பிற்காலத்துக்கு ஆகட்டும் என்று நிறைய வயரைச் சுருட்டி விட்டிருந்ததால் அது ஜன்னல் வழியாக முன்பக்கம் வரைக்கும் எட்டியது. "மேடம், ஒரு கை புடிங்க" என்று சொல்லி, அவர் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் வாங்க ஓடினார்.

அத்தை, இந்த ஊரின் குடிதண்ணீர் சுத்தமா இல்லையா என்று கையெழுத்துப் போடும் அந்த அம்மா, கடைத்தெரு நடுவில், ஆவிக்கு முன்னால், இரண்டு கையாலும் ஃபேனைப் பிடித்துக்கொண்டு நின்றார். சித்தப்பா எல்லோரையும் தள்ளிக்கொள்ளச் சொன்னார். ஒருவரும் தள்ளிக்கொள்ளவில்லை, இன்னும் நெருங்கி வந்து பார்த்தார்கள். நான் பின்சீட்டில் என் துப்பட்டாவைப் பெட்டிமேல் போர்த்தி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பவளைப்போல வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டைத் தாண்டியதும் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, ரேடியேட்டர் ஃபேனின் ஃபியூஸ் எங்கே என்று கேட்டார். அது வீட்டில் ஊறுகாய் ஜாடிக்குள் பத்திரமாக இருக்கிறது என்றார் அப்பா. மெக்கானிக் தன்னிடம் இருந்த ஒன்றைப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் என்ன செய்தேன்? மாமாவின் ஃபேன் இப்போது வைப்பரின் இடத்தில் இருக்கிறது. மழை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது.

மேடம் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, "உங்க அப்பா நல்ல மனுஷர். நீ வேலை செய்யறது சுத்தமா இருக்கு. ஆனா கிருமிக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றார். இன்னொரு நாள் தருகிறேன், அதற்குள் குளிர்பெட்டிக்கென்று தனியாக ஒரு இணைப்பு வேண்டும், சாவியை எடுத்தாலும் ஓட வேண்டும், அது முடியாவிட்டால் சொந்த வண்டி வைத்திருக்கும் வேறொருவர் காத்திருக்கிறார் என்றார். அந்த வேறொருவரின் வண்டியில் சித்தப்பா யாரும் இருமமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் எல்லோரும் கூடிப் பேசினார்கள். என் வேலையைப் பற்றித்தான் பேச்சு என்றாலும் என்னிடம் யாரும் கேட்கவில்லை. மாமா முதலில் பெருந்தன்மையாகத் தொடங்கினார்.

"என் ஃபேனைத் தாராளமா எடுங்க. நான் என்ன சொல்லப் போறேன். தங்கச்சி வீட்டுக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்கிட்டுப் போன முதல் அண்ணன் நான்தான்னு இருந்துட்டுப் போறேன்."

உடனே அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரங்கள் விழத் தொடங்கின. அப்படியானால் ஃபேனை எடுக்க முடியாது. சித்தப்பா பக்கம் திரும்பினார்கள். என் குரலே வேண்டாம் என்கிறீர்கள் என்றால் நான் இனிப் பேசவே இல்லை என்று அவர் சொல்லிவிட்டு, தான் ஏன் பேசப்போவதில்லை என்பதைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். கரண்ட் அண்ணன் கடைசியில் ஒரு வழி சொன்னார். பழைய இரும்புக் கடையில் லாரியின் ஃபியூஸ் பெட்டி ஒன்று கிடக்கிறது, அதைக் கொண்டு வந்து இதன்மேல் மாடி கட்டுவதுபோல வைத்துவிடலாம், இன்னும் பத்து உறவுக்காரர்கள் வந்தாலும் இடம் இருக்கும் என்றார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மேல் பெட்டிக்கும் கரண்ட் கீழ்ப் பெட்டியிலிருந்துதானே வர வேண்டும் என்று கேட்க நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் வந்த பழக்கம். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடி, தண்ணி வேணுமா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி வாங்கிக் குடித்தேன்.

எல்லோரும் போன பிறகு அப்பா வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு ஃபியூஸ்.

"உன் வேலை பகல்லதானே பாப்பா?"

"ஆமாம்ப்பா."

"அப்ப முன்லைட்டு எதுக்கு? அந்த எடத்தை உன் பெட்டிக்குக் குடுத்துடறேன்."

விடிகாலையில் ஷிஃப்ட் ஆட்களை இருட்டில்தானே ஏற்றுகிறீர்கள் என்று கேட்டேன். அந்த ரோடு எனக்கு மனப்பாடம் என்றார். சொல்லிவிட்டு, கையிலிருந்த ஃபியூஸை எனக்குக் கொடுப்பதுபோல நீட்டினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தன் கண்ணைப் பிடுங்கி எனக்குத் தர ஒரு மனிதர் தயாராக இருக்கிறார், ஆனால் தம்பியின் இருமலை எடுக்கச் சொன்னால் கை வரமாட்டேன் என்கிறது. இது என்ன நியாயம் அத்தை? ஃபியூஸை வாங்கி, எடுத்த இடத்திலேயே அழுத்தி வைத்தேன். வயர்கள் முழங்கைவரை கீறின. அப்பா பானட்டை மூடப் போனார். முதல் தடவை மூடவில்லை. இரண்டாவது தடவையும் மூடவில்லை.

இவ்வளவு அலங்கோலத்துக்கு நடுவில் ஒழுங்காக இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லாமல் விடுவது நன்றிகெட்ட செயல். நீங்கள் முதுகுக்கு வைத்துக்கொள்ள வாங்கி, பிறகு தம்பி நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுகிறான் என்று வண்டிக்கே கொடுத்துவிட்ட சூடு மெத்தை. உங்கள் ஊரில் விவரம் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் யாரோ பொருத்தியிருக்கிறார். சாவியை எடுத்தாலும் கரண்ட் இருக்கும் வரிசையில், தனி ஃபியூஸோடு, தடிமனான சிவப்பு வயர் உறைக்குள் ஓடி அப்பாவின் சீட்டுக்கு அடியில் ஒரு கனெக்டரில் முடிகிறது. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. அப்பா அதை உபயோகிப்பதில்லை, அதில் சாய்ந்தால் தேய்ந்துவிடுமாம், முன்னால் குனிந்தே ஓட்டுகிறார். தினமும் காலையில் தட்டித் துடைக்கிறார். எல்லோரும் கூடிப் பேசிய அன்று கரண்ட் அண்ணனின் பார்வை அந்தப் பக்கம் போனது. "அது அக்காவோடது" என்றார் அப்பா. அவ்வளவுதான், கரண்ட் அண்ணன் பார்வையைத் திருப்பிக்கொண்டார். நானும் அதையேதான் சொல்கிறேன். உங்கள் மெத்தையை யாரும் தொடக்கூடாது. தொடலாமா என்று யோசிப்பதே தவறு.

ஆகையால் நான் கேட்பது இதுதான். அப்பா உங்கள் ஒருவர் பேச்சைத்தான் கேட்பார். நான் கல்லூரியில் சேர்ந்தபோது எல்லோரும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்க, "அவ படிக்கட்டும்" என்று நீங்கள் சொன்னதோடு பேச்சு முடிந்தது. அதேபோல இப்போது ஒரு வார்த்தை சொல்லி, அந்த ஃபியூஸ் பெட்டியிலிருந்து எல்லா வயரையும் பிடுங்கச் சொல்லுங்கள். ஹார்ன், நீல விளக்கு, குரல், இருமல், ஃபேன், எல்லாம். உங்களுடையதைத் தவிர. யாருக்கு வருத்தம் வந்தாலும் வரட்டும். சாமான் வைக்க வீட்டில் பரண் இருக்கிறது. வண்டி வண்டியாக இருக்கட்டும்.

அங்கே மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மருந்தை வேளைக்குச் சாப்பிடுங்கள், குனிந்து எதையும் தூக்காதீர்கள். உங்கள் ஆசீர்வாதம் எனக்கு வேண்டும், இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக.

பணிவுள்ள,
உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதிவிட்டு உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். தயவுசெய்து அதில் உள்ள எதையும் செய்ய வேண்டாம். அப்பாவுக்கு ஒன்றும் எழுத வேண்டாம், எல்லோருடைய சாமானும் இருந்துவிட்டுப் போகட்டும், சித்தப்பா இருமட்டும். உங்கள் மெத்தையை நான் எடுத்துவிட்டேன்.

அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த மதியம். பானட்டைத் தூக்கி, குளிர்பெட்டியோடு வந்த தாளில் என்ன ஃபியூஸ் போட்டிருக்கிறதோ அதையே உங்கள் மெத்தையின் இடத்தில் மாற்றிப் போட்டேன். சீட்டுக்கு அடியில் கனெக்டரைப் பிரித்து, மெத்தைக்குப் பதில் பெட்டியை மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்ததும் யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

மேடம் மறுபடி வந்தார். இந்தத் தடவை பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அதே கடைத்தெரு, அதே லாரி. அப்பா சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார், பெட்டி நான்கு டிகிரியிலேயே இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார், அத்தை. இணைப்பு யார் கொடுத்தது என்று அப்பா தெருவில் விசாரித்தபோது, கரண்ட் அண்ணன் யோசித்துப் பார்த்துவிட்டு, நான்தான் கொடுத்திருப்பேன் என்றார்.

மெத்தை பரணில் இல்லை, என் அலமாரியில், துணி சுற்றி, பத்திரமாக இருக்கிறது. சீட்டின் முதுகில் அதன் அளவுக்கு ஒரு போர்வையை மடித்து வைத்து மேலே உறை போட்டிருக்கிறேன். அப்பா இன்று காலையும் அதைத் தட்டித் துடைத்தார். அதை ஜன்னலிலிருந்து பார்த்த பிறகுதான் இந்தப் பின்குறிப்பை எழுத உட்கார்ந்தேன். அவருக்குத் தெரிந்தால் என்னைத் திட்டமாட்டார். பேசாமல் என் பெட்டியைக் கழற்றிவிட்டு உங்கள் மெத்தையைத் திரும்ப மாட்டிவிட்டு, முன்விளக்கின் ஃபியூஸை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். திங்கட்கிழமைக்கு முன்னால் அப்பாவிடம் பேசுங்கள். மெத்தை இருந்த அந்த இடத்தை நீங்களே எனக்குக் கொடுத்ததாகச் சொல்லிவிடுங்கள், அத்தை. நான் எடுத்துக்கொண்டது என்றால் அது நிலைக்காது. நீங்கள் கொடுத்தது என்றால் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள்.